அப்பா அப்படிச் சொல்லவே இல்லை

கதிர்,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. அதைத்தான் தினமும் வாட்ஸ்அப்பில் கேட்கிறேன், நீயும் தினமும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். இது போனில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். இரண்டு முறை போனைக் கையில் எடுத்தேன். உன் குரலைக் கேட்டதும் மறுபடி ஏதாவது மழுப்பிவிடுவேன் என்று தெரிந்ததால் வைத்துவிட்டேன். எழுதினால் நடுவில் நீ 'சரிம்மா' என்று சொல்லி முடித்துவிட முடியாது, நானும் பேச்சை மாற்ற முடியாது. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். உட்கார்ந்து படி.

திங்கட்கிழமை எங்கள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு முதல் பாடம் எடுத்தேன். இருபத்திரண்டு வருடமாக எடுக்கிற அதே பாடம்தான். போர்டில் வரிசையாகக் கட்டம் போடுவேன். செய்தி பிறக்கிற இடம், அதை அனுப்புகிற டிரான்ஸ்மிட்டர், அது போகிற வழி, வாங்குகிற ரிசீவர், கடைசியில் யாருக்காகக் கிளம்பியதோ அந்த ஆள். வழி என்று எழுதிய கட்டத்துக்குக் கீழேயிருந்து ஒரு அம்புக்குறி மேலே போகும். அது நாய்ஸ், இரைச்சல். வழி கம்பியாக இருந்தாலும் காற்றாக இருந்தாலும் இரைச்சல் வந்து ஒட்டத்தான் செய்யும் என்று சொல்லி முடித்தேன். இரண்டாம் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "மேடம், அங்கிட்டுப் போய்ச் சேந்துச்சா இல்லையான்னு அனுப்புனவுகளுக்கு எப்டித் தெரியும்?" பின் பெஞ்சிலிருந்து இன்னொருத்தி, "நீலக் கலர்ல டிக் விழும்டி, லூசு" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைவலி என்று சொல்லி அன்று வகுப்பைக் கால் மணி நேரம் முன்னதாகவே முடித்துவிட்டேன். இத்தனை வருடத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை.

சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் நீ என்னிடம் கொடுத்தனுப்பிய கேள்வி உன் அப்பாவிடம் போய்ச் சேரவே இல்லை. அவர் சொன்னதாக மறுநாள் உன்னிடம் நான் சொன்ன பதிலை அவர் சொல்லவும் இல்லை. இன்னும் மூன்று வாரத்தில் நீ ஜெர்மனிக்குக் கிளம்புகிறாய். புனேயிலிருந்து மும்பை போய் அங்கேயே விமானம் ஏறிக்கொள்கிறேன், மதுரைக்கு வந்துபோக நேரமில்லை என்றாய். "அப்பாகிட்ட நீயே சொல்லிரும்மா. நான் வந்து சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றாய். அந்தக் கடைசி வாக்கியத்தை உன் வாயில் வைத்தவள் நான்தான். அதைச் சரிசெய்யாமல் உன்னை விமானம் ஏற்றக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். கல்யாணமாகி மதுரை செல்லூருக்கு வந்த முதல் வாரம், உன் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போனேன். உசிலம்பட்டிப் பக்கத்தில் வாயைத் திறந்தால் நாலு வயல் தள்ளிக் கேட்கும்படி பேசி வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள், அதுவும் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் என்று கொஞ்சம் மிதப்பும் இருந்தது. உள்ளே ஆறு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தறியில் நூல்தார் மாற்றிக்கொண்டிருந்த வேலையாள் பாண்டி வந்து காதருகே குனிந்து, "மதினி, இங்க தொண்டைக்கு வேல இல்ல. அத வீட்ல வச்சிட்டு வாங்க" என்றான். அப்புறம்தான் பார்த்தேன், அங்கே எல்லோரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். சுட்டுவிரலை மடக்கிக் காட்டினால் இழை அறுந்துவிட்டது. கட்டைவிரல் வாயருகே போனால் டீ. உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் தறியை நிறுத்து. மற்றதெல்லாம் உதட்டைப் பார்த்தே. பாண்டி ஏதோ கேலி சொல்ல, கூடத்தின் அந்தக் கோடியில் நின்ற உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நடுவில் நின்ற எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நீ பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம் வீட்டில் டிவி சத்தம் கூடிக்கொண்டே போனது உனக்கு நினைவிருக்கும். அதற்கு நீயும் அவரும் சண்டை போட்டதும் நினைவிருக்கும். அந்தக் கோடை விடுமுறையில் லேபில் இருப்புச் சரிபார்க்க வேண்டும், மேசை தூக்க ஆள் வேண்டும் என்று சொல்லி அவரை அழைத்துப் போனேன். மேசையெல்லாம் ஏற்கெனவே தூக்கியாகிவிட்டது. அவர் காதில் ஹெட்செட்டை மாட்டி, ஒலி உண்டாக்கும் கருவியின் குமிழைத் திருப்பினேன். கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னேன். ஐந்நூறு ஹெர்ட்ஸில் தூக்கினார், ஆயிரத்தில் தூக்கினார். இரண்டாயிரத்தில் யோசித்துத் தூக்கினார். மூவாயிரத்தில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாயிரத்தில், "போட்டுட்டியா?" என்றார். ஹெட்செட்டிலிருந்து கசிந்து எனக்கே கேட்கிற அளவுக்குச் சத்தத்தைக் கூட்டியிருந்தேன். அவர் பக்கத்திலிருந்த ஆசிலோஸ்கோப்பைப் பார்த்தார். திரையில் அலை ஓடிக்கொண்டிருந்தது. "அங்க பச்சையா ஓடுதுல்ல. அப்ப சத்தம் இருக்கு. எனக்குத்தான் வரல, அப்டித்தான?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். ஹெட்செட்டைக் கழற்றி, வயரைச் சுருட்டி, ஒழுங்காக மேசையில் வைத்தார். "புள்ளகிட்ட சொல்லிறாத. செவிடன் மகன்னு கூட்டாளிக கேலி பண்ணுவாய்ங்க." கருவியை அணைக்கத் திரும்பியபடியே, "அவனுக்கு அது ஒண்ணும் பெருசா தெரியாதுங்க" என்றேன். என் முதுகு சொன்னது அவருக்கு எப்படிக் கேட்கும்?

டாக்டரிடம் போனோம். நரம்பு போய்விட்டது, திரும்ப வராது, மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார். வைத்தோம். அரை நாள் தாங்கவில்லை. மெஷினுக்குப் பேச்சு வேறு, தறி வேறு என்று பிரிக்கத் தெரியாது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். "ஆறு தறியும் மண்டைக்குள்ள வந்து ஆடுதுடி" என்று கழற்றி பீரோவில் வைத்தார். அதோடு சரி. முகம் பார்த்துப் பேசினால் அவருக்குப் பாதிக்கு மேல் பிடிபடும். போனில் முகம் இல்லையே. நீ ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்து, "அப்பா தறிக்கூடத்துல இருக்காருப்பா" என்று நான் சொன்ன வேளைகளில் பெரும்பாலும் அவர் எனக்கு எதிரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். நீ வீடியோவில் வா என்றால், "நெட்டு விட்டுவிட்டு வருதுப்பா" என்பேன். நான் உன்னோடு பேசி முடித்ததும் அவர் புருவத்தை உயர்த்துவார். நான் சொல்லுவேன். அவர் ஏதாவது சொல்லுவார். மறுநாள் அதை நான் உன்னிடம் சொல்லுவேன்.

சொல்லுவேன் என்றா எழுதினேன்? அப்படியே சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது. "அந்த எருமமாட்ட நேரத்துக்குத் திங்கச் சொல்லு. போன தடவ எலும்பாத்தான் வந்து நின்னான்" என்பார். நான் உன்னிடம், "அப்பா உடம்பப் பாத்துக்கச் சொன்னாரு" என்பேன். "அவரா? அவரு அப்டியெல்லாம் பேசுவாராம்மா?" என்று சிரிப்பாய். நீ, "இன்னும் அந்த ஓட்ட வண்டியத்தான் ஓட்டுறாரா? பிரேக்கே கிடையாதும்மா அதுல. என்னைக்காவது சிம்மக்கல் சிக்னல்ல போய்ச் செருகப் போறாரு" என்பாய். நான் அவரிடம், வண்டியைப் பார்த்து ஓட்டச் சொன்னான் என்பேன். "அம்புட்டு மரியாதையாவா சொன்னான்? உடம்புக்கு எதும் முடியலையா அவனுக்கு?" என்பார். வகுப்பில் ஃபில்டர் என்று ஒன்று சொல்லித் தருவேன். வேண்டாத அலையைத் தடுத்து வேண்டியதை மட்டும் விடுகிற சுற்று. எது வேண்டாதது என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் அதைக் கட்டவே முடியும். நான் இரைச்சல் என்று நினைத்து வெட்டிப் போட்டதில் அவருடைய வசவு இருந்தது, உன்னுடைய நக்கல் இருந்தது. நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்கிற இடம் அதுதான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. உங்கள் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. பேச்சு குறைந்துகொண்டே போனது.

தகவல் தொடர்பில் மூன்று வகை என்று அடுத்த வாரம் சொல்லித் தர வேண்டும். வானொலி மாதிரி ஒரு பக்கமிருந்து மட்டும் போவது. போலீஸ்காரர் வைத்திருக்கிற வாக்கி டாக்கி மாதிரி முறை வைத்துப் பேசுவது, ஒருவர் முடித்து 'ஓவர்' சொன்னால்தான் மற்றவர் வாய் திறக்கலாம். போன் மாதிரி இருவரும் ஒரே நேரத்தில் பேசுவது, குறுக்கே பேசுவது, சண்டை போடுவது. நம் வீட்டில் இரண்டு ஒருவழிப் பாதைகள் இருந்தன. இரண்டும் என்னிடம் வந்து முடிந்தன. எனக்கு அது பிடித்தும் இருந்தது, கதிர். அதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு பேருக்கும் நான் வேண்டியிருந்தேன்.

இனி அந்த நாள். நான் ஸ்டாஃப் ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ அந்த நேரத்தில் கூப்பிடவே மாட்டாய். "அம்மா, எனக்கு இந்த வேல ஒட்டவே இல்லம்மா. அப்பாகிட்ட ஒண்ணு கேக்குறியா? நான் வந்துறவா? தறிய நான் எடுத்துப் பாத்துக்கிறேன். குறுக்க அடிச்சு ஓடுற நாடாக்கட்ட இல்லாத புதுத் தறி வந்திருக்கு, சத்தமும் கம்மி. நான் எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கேன்" என்றாய். மூச்சு வாங்கியது உனக்கு. ரொம்ப நாள் யோசித்து வைத்திருந்து கேட்கிறாய் என்று தெரிந்தது. "கேட்டுச் சொல்றேன்" என்றேன். "இன்னைக்கே கேளும்மா" என்றாய். சத்தம் கம்மி என்று நீ சொன்னது என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. தறி என்ற ஒன்றுதான் ஏறியது. லேபில் அந்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு, விரலைத் தூக்காமல் நீ உட்கார்ந்திருப்பதுதான் கண்ணுக்கு வந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். புருவத்திலெல்லாம் பஞ்சு. எதிரே உட்கார்ந்தேன். என் உதட்டைப் பார்த்தார். "என்ன, ஏதோ சொல்ல வந்த?" என்றார். "ஒண்ணுமில்ல. டீ போடவா?" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் உன்னைக் கூப்பிட்டு, "அப்பா வேண்டாம்னுட்டாரு. படிச்சவனுக்கு இங்க என்ன வேலைன்னாரு" என்றேன். "அப்டியேவா சொன்னாரு?" என்றாய். ஆமாம் என்றேன். "சரிம்மா" என்றாய். தொலைதூரத்துக்குப் போகிற சமிக்ஞை வழியில் மங்கிவிடும் என்பதால் இடையிடையே ரிப்பீட்டர் வைப்பார்கள். பழைய வகை, வந்ததை இரைச்சலோடு சேர்த்துப் பெரிதாக்கி அனுப்பும். புது வகை, வந்தது ஒன்றா பூஜ்யமா என்று தானே முடிவு செய்து, புதிதாக உண்டாக்கி அனுப்பும். அனுப்புவது சுத்தமாக இருக்கும். முடிவு தப்பாகிவிட்டால் தப்பும் அதே சுத்தத்தோடு போய்ச் சேரும், வாங்குகிறவனுக்குச் சந்தேகமே வராது. இதை எத்தனை பரீட்சைக்குக் கேள்வியாகக் கொடுத்திருப்பேன்!

போன தீபாவளிக்கு ஒன்றரை நாள் வந்தாய். நீயும் அவரும் ஹாலில் உட்கார்ந்திருந்தீர்கள். "அங்க குளிரு எம்புட்டு இருக்கு?" என்று கேட்டார். நீ குனிந்து போனைப் பார்த்தபடி, "பரவால்லப்பா" என்றாய். அவருக்குத் தெரிந்தது உன் உச்சந்தலை மட்டும்தான். மறுபடி, இன்னும் சத்தமாகக் கேட்டார். "அதான் சொன்னேன்லப்பா!" என்று எழுந்து உள்ளே போய்விட்டாய். அவர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். பயணக் களைப்பு என்று ஜாடை காட்டினேன். நான் அடுப்படி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை, 'அவருக்குக் காது கேட்காதுடா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொல்லாதே என்றார், அதனால் சொல்லவில்லை என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். காதைப் பற்றிச் சொன்னால் என் பொய்யும் சேர்ந்து வெளியே வரும். அதற்குத்தான் பயந்தேன்.

போன வியாழக்கிழமை மாதாந்திர மின்தடை. கரண்ட் இல்லாத நாளில் செல்லூரே வேறு ஊர் மாதிரி இருக்கும். நான் லீவு போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டோடு தறிக்கூடத்துக்குப் போனேன். அவரும் பாண்டியும் தறிகளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள். நீ ஜெர்மனிக்குப் போவதைச் சொன்னேன். "எம்புட்டு நாளைக்கு?" என்றார். மூன்று விரலைக் காட்டி, வருசம் என்றேன். பாண்டி முன்னால் வந்து நின்று, "அண்ணே, கதிரு வெள்ளக்காரியத்தான் கூட்டியாரப் போறாப்ல. நீங்க இப்பவே ஏ பி சி டி படிங்க" என்றான். உன் அப்பா சிரித்தார். "அவ பேசுனா என்ன, நீ பேசுனா என்னடா, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். பாண்டி டீக்குப் போனதும் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "ஒரு தடவையாவது அவன்கிட்ட நான் கேட்டிருக்கணும். இத எடுத்துச் செய்யிறியாடான்னு. படிச்ச புள்ள, கேட்டா சங்கடப்படுவான்னு விட்டுட்டேன்" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவருக்கு எதிரே வெளிச்சத்தில் நின்று, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். நீ கேட்டது, நான் கேட்காதது, உன்னிடம் நான் சொன்னது. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை அவருக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். அப்படியில்லை, நம்பவில்லை. எதற்கெடுத்தாலும் கத்துகிற மனிதர், கத்துவார் என்று காத்திருந்தேன். "ரெண்டு வருசமா?" என்றார். பிறகு, "நான் வேணாம்னேன்னு அவன் நெனச்சுக்கிட்டு இருக்கானா?" என்றார். அவர் குரல் அத்தனை தாழ்ந்து நான் கேட்டதில்லை. நான் அழுதேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை, திட்டவும் இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்து, "இனிமே நீ சொல்லாத. நானே பேசிக்கிறேன்" என்றார். எப்படிப் பேசுவீர்கள் என்றேன். "மூஞ்சியக் காட்டச் சொல்லு. பாண்டி மூஞ்சியப் பாத்து இருபத்தஞ்சு வருசமா வேல வாங்குறேன். எம் புள்ள மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்றார். காது விஷயத்தையும் உன்னிடம் சொல்லிவிடச் சொன்னார். என் வழியாக அவர் அனுப்புகிற கடைசிச் செய்தி அதுதான். எதையும் மாற்றாமல் எழுதிவிட்டேன்.

உனக்குப் புத்தி சொல்லுகிற தகுதி எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் நாளைக்கு நீ ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வருவாய். எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்று, அம்மா இப்படிச் சொன்னாள், அவள் அப்படிச் சொன்னாள் என்று நல்லபடியாக மாற்றி மாற்றிச் சொல்லாதே. நாங்கள் சண்டை போட்டுக்கொள்கிறோம். நீ பாட்டுக்கு வெளியே போய் டீ குடி. நல்லது நினைத்துச் செய்வதுதான் இதில் மோசம். கெட்டது நினைத்துச் செய்திருந்தால் நானே எப்போதோ நிறுத்தியிருப்பேன். எனக்கு நாற்பத்தாறு வயதுதான் ஆகிறது. இரண்டு பேர் பேச்சைச் சுமந்த களைப்பில் அதைவிட அதிகமாகத் தெரிகிறது. என்மீது உனக்கு வருகிற கோபத்தை என்னிடமே காட்டு, ஒரு மாதம் பேசாமல் இருக்க வேண்டுமென்றாலும் இரு. அவரிடம் மட்டும் பேசிவிடு.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் கூப்பிடு. அவர் தறியெல்லாம் நிறுத்திவிட்டு வீட்டில் இருப்பார், போன் அவர் கையில் இருக்கும். ஜன்னலைப் பார்த்து உட்கார். ஜன்னல் உன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கருத்துவிடும், அவருக்கு ஒன்றும் தெரியாது. உதட்டை மூடுகிற மாதிரி மீசை வளர்த்திருக்கிறாய், கொஞ்சம் ஒதுக்கிவிடு. குனியாதே. கத்தாதே, கத்தினால் உதடு கோணிப் போகும். அவர் கத்துவார். தன் குரல் தனக்கே கேட்காததால் வருகிற சத்தம் அது. உனக்குத் தமிழில் தெரிந்த எல்லாக் கெட்ட வார்த்தையும் அவருக்கும் தெரியும். திட்டுவார், நீயும் அவர் வண்டியைப் பற்றி என்ன சொல்ல வேண்டுமோ சொல். நான் வீட்டில் இருக்க மாட்டேன். செல்லத்தம்மன் கோயில் பக்கம் போய் உட்கார்ந்திருந்துவிட்டு மதியம்தான் வருவேன்.

அந்தப் பழைய கேள்வியைக் கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். இரண்டு வருடத்தில் உன் மனது மாறியிருக்கலாம், ஜெர்மனிக்கு நீ ஆசையோடுதான் போகிறாயாக இருக்கலாம். உன்னைத் தடுக்க இதை எழுதவில்லை. ஆனால் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை தறிக்கூடத்தின் கதவைப் பூட்டும்போது என்னிடம் சொன்னார். அதை இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை.

அம்மா